கேபிளின் இரு முனைகள்

ஓர் அலுவலகத்திலோ கல்லூரியிலோ கணினிகள் மந்தமாக இயங்கத் தொடங்கினால் முதலில் எழும் கோரிக்கை, "இணைய வேகத்தைக் கூட்டுங்கள்" என்பதுதான். கோப்பு தயாராகிறது, நிதிக் குழு கூடுகிறது, மாதக் கட்டணம் இருமடங்காகிறது. சில வாரங்கள் கழித்து அதே புகார் மீண்டும் வருகிறது. நான் பணியாற்றிய காலத்திலும், ஓய்வுபெற்ற பிறகு சில கொள்முதல் குழுக்களில் அமர்ந்த காலத்திலும் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பணம் செலவானது உண்மை. வாங்கிய வேகம் வாசல் வரை வந்ததும் உண்மை. ஆனால், அது பயனரின் மேசைக்கு வந்து சேரவில்லை.

சேராததற்கான காரணம் பல நேரங்களில் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. மாடிப்படிக்கு அடியிலோ சுவர் அலமாரியிலோ பச்சை விளக்குகள் மினுக்க ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதற்கு 'ஈதர்நெட் ஸ்விட்ச்' என்று பெயர். மின்விளக்கைப் போடும் ஸ்விட்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கணினிகள், அச்சுப்பொறிகள், கண்காணிப்புக் கேமராக்கள், வருகைப்பதிவுக் கருவிகள் என அத்தனைக் கருவிகளின் கேபிள்களும் வந்து கூடும் சந்திப்பு இது. எந்தத் தரவு எந்தக் கேபிளில் போகவேண்டும், எது காத்திருக்க வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்பதை இந்தப் பெட்டியே தீர்மானிக்கிறது.

பொருளியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். அளவான ஒரு வளத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது யார் காத்திருப்பது, யார் விட்டுக்கொடுப்பது, அதை முடிவு செய்வது யார் என்பது எங்கள் துறையின் மிகப் பழைய கேள்வி. அந்தப் பெட்டி ஒவ்வொரு விநாடியும் அக்கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் விடைகளில் சில நியாயமானவை. சில, குற்றம் செய்தவனை விட்டுவிட்டு அருகில் நின்றவனைத் தண்டிப்பவை.

தொடக்கத்தில் இப்படியொரு பெட்டியே கிடையாது. 1973-ஆம் ஆண்டு மே 22 அன்று, கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ராபர்ட் மெட்காஃப், தம் சக ஆய்வாளர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒரே கேபிளில் பல கணினிகளை இணைக்கும் முறையை அதில் விவரித்தார். ஒளி பரவுவதற்கு ஊடகமாக எங்கும் நிறைந்திருப்பதாக 19-ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர்கள் கற்பனை செய்த 'ஈதர்' என்ற பொருளின் பெயரையே அதற்குச் சூட்டினார். டேவிட் பாக்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முதல் வலையமைப்பின் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட்.

அந்தக் கேபிள் ஊர்ப் பொதுக் கிணறு போன்றது. காவலர் இல்லை, முறைவைப்பு இல்லை. பேச விரும்பும் கணினி முதலில் கேபிளைக் கவனிக்கும். யாரும் பேசவில்லையென்றால் பேசும். அதே நொடியில் இன்னொன்றும் பேசிவிட்டால் இரண்டு குரல்களும் மோதிச் சிதையும். அப்போது இரண்டும் நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு குலுக்கல் நேரம் காத்திருந்து மீண்டும் முயலும். மீண்டும் மோதினால் காத்திருப்பின் எல்லை இருமடங்காகும். 16 முறை முயன்றும் முடியாவிட்டால் அந்தத் தரவு கைவிடப்படும். மேலதிகாரி எவரும் இல்லாமல், விட்டுக்கொடுத்தல் என்ற ஒரே விதியால் ஒரு பொதுச் சொத்து நிர்வகிக்கப்பட்ட அழகான எடுத்துக்காட்டு இது. ஆனால், கிணற்றடியில் கூட்டம் பெருகியதும் தண்ணீர் இறைத்த நேரத்தைவிடத் தள்ளுமுள்ளில் கழிந்த நேரம் அதிகமானது.

அதற்குத் தீர்வாக வந்ததே ஸ்விட்ச். ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள். எல்லாக் கேபிள்களும் நடுவிலுள்ள பெட்டிக்கு வரும். முதல் ஈதர்நெட் ஸ்விட்சை 1990-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் பெயர் 'கல்பனா'. வினோத் பரத்வாஜ் என்ற இந்தியரும் லாரி பிளேர் என்பவரும் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அது. 1994-இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. உலகின் எல்லா அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கருவியின் வரலாற்றில் இப்படியோர் இந்தியப் பெயர் இருப்பது நம் பாடநூல்களில் இடம்பெறுவதில்லை.

ஸ்விட்ச் தன் வேலையை யாரும் சொல்லிக்கொடுக்காமல் கற்கிறது. தரவு சிறுசிறு பொட்டலங்களாகத்தான் பயணம் செய்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் முகப்பிலும் அனுப்புநர், பெறுநர் இருவரின் 48 பிட் முகவரிகள் இருக்கும். ஒரு பொட்டலம் எந்தப் போர்ட் வழியாக உள்ளே வந்தது என்பதைப் பார்த்து, 'இந்த அனுப்புநர் இந்தத் திசையில் இருக்கிறார்' என ஸ்விட்ச் குறித்துக்கொள்கிறது. பிறகு அவருக்கு ஏதேனும் வந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. பெறுநரை அறியாத நிலையில் மட்டும், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நகல் அனுப்பும். ஐந்து நிமிடம் எந்தச் சத்தமும் இல்லாத முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது வழக்கமான ஏற்பாடு.

தனிக் கேபிளில் இரண்டே பேர் இருக்கிறார்கள். அனுப்புவதற்கும் பெறுவதற்கும் தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. எனவே, இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். இது 'ஃபுல் டூப்ளெக்ஸ்'. இந்த முறையில் மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பேசுவதற்கு முன் கவனிக்கவும் தேவையில்லை. பொதுக் கிணற்றுக் காலத்துப் பழைய முறை 'ஹாஃப் டூப்ளெக்ஸ்'. ஒருவர் பேசினால் மற்றவர் கேட்க வேண்டும். கேபிளின் இரு முனைகளும் ஒரே வேகத்திலும் ஒரே முறையிலும் இயங்கியாக வேண்டும் என்பது இதன் பொருள். யார் எந்த முறை என்று எப்படி முடிவாகிறது?

கேபிளைச் செருகியதும் இரு முனைகளும் சுமார் 16 மில்லிவிநாடிக்கு ஒருமுறை நுண்ணிய துடிப்புகளைக் கொத்தாக அனுப்புகின்றன. ஒவ்வொரு கொத்தும் 16 பிட் கொண்ட ஒரு செய்தி. 'என்னால் விநாடிக்கு 10 மெகாபிட்டும் முடியும், 100 மெகாபிட்டும் முடியும். இரு முறைகளும் தெரியும்' என்பது போன்ற தன்னறிமுகம் அது. இருவரும் தத்தம் திறன்களை அறிவித்த பிறகு, முன்பே வகுக்கப்பட்ட வரிசைப்படி இருவருக்கும் பொதுவான உயர்ந்த திறனைத் தேர்ந்துகொள்கிறார்கள். 1995-ஆம் ஆண்டு 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கான தரநிலையுடன் இந்த முறை வந்தது. ஆங்கிலத்தில் இதற்குப் பேரம் என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் இதில் பேரமே இல்லை. பொய் சொல்லி ஆதாயம் பெற வழியில்லாததால் இரு தரப்பும் உண்மையைச் சொல்கின்றன. சந்தையில் இத்தகைய ஏற்பாட்டை உருவாக்கப் பொருளியலாளர்கள் படும் பாட்டை எண்ணினால் பொறாமையாகவே இருக்கிறது.

சிக்கல், ஒரு முனை பேச மறுக்கும்போது எழுகிறது. ஒரு பக்கத்துக் கருவியில் யாரோ ஒருவர், '100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று நிலையாகக் குறித்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். பல கருவிகளில், அப்படிக் குறித்ததும் தன்னறிமுகம் நின்றுவிடும். மறுமுனை துடிப்புகளுக்காகக் காத்திருக்கும், எதுவும் வராது. ஆனால், வரும் மின்குறியின் தன்மையை வைத்து வேகம் 100 மெகாபிட் என்று கண்டுகொள்ளும். எந்த முறை என்பதைக் கண்டுகொள்ள மட்டும் வழியே இல்லை. அந்த நிலையில், பாதுகாப்பான அனுமானமாக ஹாஃப் டூப்ளெக்ஸ் முறையை மேற்கொள்ள வேண்டும் என்பது தரநிலையின் கட்டளை.

இப்போது கேபிளின் ஒரு முனை, 'எப்போது வேண்டுமானாலும் பேசலாம்' என்று நம்புகிறது. மறுமுனை, 'ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது' என்று நம்புகிறது. விளக்கு பச்சையாக எரியும். இணைப்பு சரியாக இருக்கிறதா எனச் சோதித்தால் சரியாக இருப்பதாகவே தெரியும். ஏனெனில் சோதனைப் பொட்டலங்கள் சிறியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. பெரிய கோப்பு ஒன்றை அனுப்பத் தொடங்கியதும்தான் கூத்து ஆரம்பமாகும். கோப்பு ஒரு திசையில் போகும்போது, 'கிடைத்தது, கிடைத்தது' என்ற ஒப்புகைகள் எதிர்த்திசையில் வரும். பழைய விதியைப் பின்பற்றும் முனை அதை மோதலென்று எண்ணித் தன் பேச்சைப் பாதியில் நிறுத்தும். மறுமுனைக்கு அறுந்த துண்டுகள் வந்து சேரும். அது அவற்றைப் பழுதென்று தூக்கியெறியும். பொட்டலத்தின் முதல் 64 பைட்டுகளைக் கடந்த பிறகு நேரும் மோதலுக்கு 'லேட் கொலிஷன்' என்று பெயர். முறையான வலையமைப்பில் அது நிகழவே கூடாது என்பதால், அப்படி இழந்த பொட்டலத்தைப் பொதுவாகக் கருவி தானாக மீண்டும் அனுப்புவதில்லை. கணினியின் மென்பொருள் காத்துக் காத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி அனுப்ப வேண்டும். சுமை இல்லாதபோது நன்றாகவும், சுமை ஏறும்போது படுமோசமாகவும் நடந்துகொள்ளும் இணைப்பு இப்படித்தான் பிறக்கிறது.

இரண்டு முனைகளும் பழைய முறையில் இருந்தாலும் வேலை நடக்கும். இரண்டும் புதிய முறையில் இருந்தால் இன்னும் நன்றாக நடக்கும். ஒன்று உத்தரவுப்படியும் மற்றொன்று உடன்பாட்டை எதிர்பார்த்தும் நிற்கும் நிலைதான் எல்லாவற்றிலும் மோசமானது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் கொள்முதல் குழுவில் இருந்தேன். இணைய வேகத்தை 40 மெகாபிட்டிலிருந்து 80 மெகாபிட்டாக உயர்த்தியும் இணையவழித் தேர்வு நாள்களில் மாணவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதில்கள் பதிவாகாமல் நேரம் முடிந்துபோன மாணவி ஒருத்தி முதல்வர் அறையில் அழுததாகச் சொன்னார்கள். மேலும் 40 மெகாபிட் வாங்குவதற்கான கோப்பு எங்கள் முன் இருந்தது. ஒப்பந்த அடிப்படையில் வேலைபார்த்த இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி, "ஐயா, ஒருமுறை ஸ்விட்சின் கணக்கைப் பார்த்துவிடலாமே" என்றார். பார்த்தோம். இணைய நிறுவனத்தின் கருவி வந்து சேரும் போர்ட்டில் லேட் கொலிஷன் எண்ணிக்கை ஐந்து இலக்கத்தைத் தாண்டியிருந்தது. இணைப்பைத் தந்தவர்கள் தங்கள் கருவியில் 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் என்று நிலையாகக் குறித்திருந்தார்கள். கல்லூரி புதிதாக வாங்கிய ஸ்விட்ச் உடன்பாட்டை எதிர்பார்த்துக் காத்திருந்து, ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கியிருந்தது. தொலைபேசியில் ஒரு வேண்டுகோள். இரு முனைகளும் தாமே பேசிக்கொள்ளும்படி மாற்றியமைத்தார்கள். அந்தக் கோப்பு அதன்பின் எங்கள் முன் வரவில்லை.

இதில் அந்த நிறுவனத்தின் ஊழியரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 1990-களின் பிற்பகுதியில், வெவ்வேறு உற்பத்தியாளர்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் உண்மையாகவே தடுமாறின. எனவே, 'இரு முனைகளிலும் கையால் குறித்துவிடு' என்பது அனுபவசாலிகளின் அறிவுரையாக இருந்தது. தடுமாற்றம் பின்னர் நீங்கியது; அறிவுரை நீங்கவில்லை. ஒரு முனையின் கருவி பழுதாகிப் புதியது வரும்போது, மறுமுனையில் யாரோ எப்போதோ குறித்துவைத்ததை நினைவில் வைத்திருப்பவர் எவரும் இருப்பதில்லை. காரணம் இறந்த பின்னும் விதி உயிர்வாழ்வது, நிறுவனங்களைப் பற்றிப் படிக்கும் பொருளியலாளர்களுக்குப் புதிதல்ல.

செம்புக் கேபிளில் விநாடிக்கு 1 கிகாபிட் தரும் முறைக்கான தரநிலை 1999-இல் வந்தபோது, இரு முனைகளும் பேசிக்கொள்வது கட்டாயமாக்கப்பட்டது. ஆனால், பேச்சுவார்த்தைக்கும் ஓர் எல்லை உண்டு. கேபிளுக்குள் நான்கு இணைக் கம்பிகள் இருக்கின்றன. தன்னறிமுகம் இரண்டு இணைகளில் நடக்கிறது. 1 கிகாபிட் வேகத்துக்கோ நான்கும் வேண்டும். மூன்றாவது இணையில் எலி கடித்திருந்தால் இரு முனைகளும் 1 கிகாபிட் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, இணைப்பை நிறுவ முடியாமல் திணறும். இதைச் சமாளிக்கச் சில கருவிகள் சிலமுறை முயன்றுவிட்டுத் தாமாக 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். விளக்கு எரியும்; வேகம் பத்தில் ஒரு பங்காகியிருக்கும்; எவரும் கவனிக்கமாட்டார்கள். இருவரின் திறனில் ஐயமில்லை. நடுவிலுள்ள சாலையைத்தான் யாரும் பார்க்கவில்லை.

உடன்பாடு சரியாக அமைந்துவிட்டது எனக் கொள்வோம். அடுத்த கேள்வி, நெரிசல். இரண்டு போர்ட்டுகளில் தலா 1 கிகாபிட் வேகத்தில் தரவு வந்து, இரண்டும் 1 கிகாபிட் வேகமுள்ள மூன்றாவது போர்ட் வழியாகவே வெளியேற வேண்டும் என்றால், ஒவ்வொரு விநாடியும் 1 கிகாபிட் மிஞ்சும். மிஞ்சியதை வைத்துக்கொள்ள ஸ்விட்சில் தற்காலிக நினைவகம் உண்டு. இதை 'பஃபர்' என்கிறார்கள். ஏரிக்கு முன்னால் வெட்டிய சிறு குட்டை அது. ஒரு மெகாபைட் பஃபர் இந்த மிச்சத்தால் 8 மில்லிவிநாடியில் நிரம்பிவிடும். அதன்பின் ஸ்விட்சின் முன் இரண்டு வழிகளே உள்ளன: வரும் பொட்டலங்களைக் கைவிடுவது அல்லது அனுப்புபவரை நிறுத்தச் சொல்வது.

நிறுத்தச் சொல்லும் வழி 1997-இல் 802.3எக்ஸ் என்ற தரநிலையாக வந்தது. குட்டை நிரம்பும் நிலையில் ஸ்விட்ச், 'பாஸ்' என்ற சிறப்புப் பொட்டலத்தை அனுப்பும். 'சற்றே நிறுத்து' என்று பொருள். எவ்வளவு நேரம் என்பதை அதிலேயே ஓர் எண்ணாகக் குறிக்கும். அந்த எண் 0 முதல் 65,535 வரை இருக்கலாம்; ஓர் அலகு என்பது 512 பிட்டுகளை அனுப்ப ஆகும் நேரம். 1 கிகாபிட் இணைப்பில் இதன் உச்சம் சுமார் 33 மில்லிவிநாடி. முன்பே விடுவிக்க விரும்பினால் சுழியை அனுப்பினால் போதும். இந்த வசதியை ஏற்பதா மறுப்பதா என்பதும், இரு முனைகளும் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போதே பேசி முடிவாகிறது.

கேட்பதற்கு எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! ஒரு பொட்டலமும் வீணாவதில்லை. ஆனால், நடைமுறையைப் பாருங்கள். ஒரு கல்லூரியின் சர்வர் 1 கிகாபிட் கேபிளில் ஸ்விட்சுடன் இணைந்திருக்கிறது. நூலகத்தின் மூலையிலுள்ள பழைய கணினி ஒன்று 100 மெகாபிட் வேகத்தில் ஒரு பெரிய காணொலியைச் சர்வரிலிருந்து இறக்குகிறது. அதன் குட்டை நிரம்புகிறது. ஸ்விட்ச் சர்வரைப் பார்த்து, 'நிறுத்து' என்கிறது. 'நூலகக் கணினிக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்து' என்று சொல்ல அந்தப் பொட்டலத்தில் இடமே இல்லை. சர்வர் எல்லாருக்கும் அனுப்புவதை நிறுத்துகிறது. தேர்வுக்கூடத்தில் 60 கணினிகள் உறைகின்றன. சர்வருக்கும் இந்த ஸ்விட்சுக்கும் இடையில் இன்னொரு ஸ்விட்ச் இருந்தால், நிறுத்தச் சொல்லப்பட்ட அதன் குட்டையும் நிரம்பும். அதுவும் தனக்கு அனுப்புபவர்களை நிறுத்தச் சொல்லும். ஒரு தெருமுனையில் பழுதாகி நின்ற லாரி ஊரையே முடக்குவது போல, நெரிசல் பின்னோக்கிப் பரவும்.

இதைப் பொருளியலில் 'புறவிளைவு' என்போம். ஒருவரின் செயலுக்கான செலவு, அதில் தொடர்பில்லாத மற்றவர் தலையில் விழுவது. ஆர்தர் பிகூ 1920-இல் வெளியிட்ட தம் நூலில் சாலை நெரிசலைக் கொண்டே இதை விளக்கினார். நெரிசல் நேரத்தில் பயணம் செய்பவர் அதற்கேற்ற விலையைத் தரவேண்டும் என்று நியூயார்க் சுரங்க ரயிலுக்காக 1950-களின் தொடக்கத்தில் வாதாடியவர் வில்லியம் விக்ரே. அவருக்கு 1996-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இருவரின் வாதத்துக்கும் அடிப்படை ஒன்றே: நெரிசலின் சுமை, அதை உண்டாக்கியவரைச் சென்றடைய வேண்டும். 'பாஸ்' பொட்டலம் செய்வது இதற்கு நேர்மாறானது.

அப்படியானால், பொட்டலத்தைக் கைவிடும் முரட்டு வழி? அதில்தான் வியப்பு இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு அக்டோபரில், கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவு வேகம் விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. இரண்டுக்கும் இடையே தூரம் 400 கஜம்தான். பொட்டலங்கள் வழியில் கைவிடப்பட, கணினிகள் பதற்றத்தில் அவற்றை மீண்டும் மீண்டும் அனுப்ப, நெரிசலே நெரிசலை வளர்த்தது. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், 1988-இல் வெளியிட்ட கட்டுரையில் கணினிகளுக்கு ஒரு புதிய ஒழுக்கத்தை விளக்கினார். ஒரு பொட்டலம் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாகக் கொள். உடனே உன் வேகத்தை வெட்டிக்கொள். பிறகு சிறிது சிறிதாக ஏற்றிப் பார். 'டி.சி.பி.' எனப்படும் இணைய மென்பொருள் விதி இன்றும் ஏதோவொரு வடிவில் இதைப் பின்பற்றுகிறது.

அதாவது, ஸ்விட்ச் கைவிடும் பொட்டலம் வெறும் இழப்பாக முடிந்துவிடுவதில்லை. அது ஒரு விலை அறிவிப்பு. அதிகம் அனுப்புபவரின் பொட்டலமே அதிகம் விழும். அவரே வேகத்தைக் குறைப்பார். நூலகக் கணினிக்கான ஓட்டம் மட்டும் தளரும். தேர்வுக்கூடத்துக்கான ஓட்டம் தொடரும். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஃபிராங்க் கெல்லியும் அவருடைய சகாக்களும் 1998-இல் இதைக் கணிதமாகவே காட்டினர். வலையமைப்பு தரும் நெரிசல் அறிகுறிகள், பொருளியலாளர்கள் சொல்லும் 'நிழல் விலை'யின் வேலையைச் செய்கின்றன என்பது அவர்கள் முடிவு. முப்பது ஆண்டுக்கும் மேலாக வகுப்பறையில் நிழல் விலையைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய எனக்கு, அது உயிரோடு இயங்கும் இடம் மாடிப்படிக்கு அடியிலுள்ள பெட்டி என்பதை அறிந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. எல்லா மென்பொருளும் இந்த ஒழுக்கத்துக்குக் கட்டுப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விலையை மதிக்காதவர்கள் எந்தச் சந்தையிலும் உண்டு.

குட்டையைப் பெரிதாக்கினால் தீராதா என்று கேட்கத் தோன்றும். நினைவகம் மலிந்த பிறகு உற்பத்தியாளர்கள் அதைத்தான் செய்தார்கள். பொட்டலம் விழுவது குறைந்தது; ஆனால், விலை அறிவிப்பும் தாமதமானது. அனுப்புபவர், எல்லாம் நலமென்று எண்ணி மேலும் மேலும் அனுப்ப, நீண்ட வரிசையின் கடைசியில் நிற்கும் ஒரு சிறு குரல்செய்தி விநாடிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கக் கணினியியலாளர் 2010-ஐ ஒட்டி இதைத் தம் வீட்டு இணைப்பிலேயே கண்டு உலகறியச் செய்தார். விலையை அழுத்திவைத்து வரிசையை நீளச் செய்யும் கொள்கையை நம் நாட்டுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து என்று சொல்லவும் முடியாது. பேரளவுத் தரவு மையங்களில், சேமிப்பகங்களுக்கிடையே ஒரு பொட்டலம் தொலைவதுகூடப் பெரும் தாமதமாகிறது. அங்கே நிறுத்தச் சொல்லும் முறையே விரும்பப்படுகிறது. அதையும் எட்டு வகுப்புகளாகப் பிரித்து, ஒரு வகுப்பை மட்டும் நிறுத்தும் தரநிலை 2011-இல் வந்தது. அதிலும் பழைய நோய் முற்றாகத் தீரவில்லை. ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருந்து வட்டமாக உறைந்துபோகும் ஸ்விட்சுகளையும், பழுதான ஒரே ஒரு கார்டு ஓயாமல் 'நிறுத்து' என்று அனுப்பி வலையமைப்பை முடக்குவதையும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2016-இல் விவரித்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்கான கணினிக் கூடங்களைக் கட்டுபவர்களுக்கு இது இன்றைய தலைவலி.

நம் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அந்தத் தலைவலி இல்லை. நம்முடையது எளிது. இதுவரை சொன்ன ஒவ்வொன்றையும் ஸ்விட்ச் எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு போர்ட்டும் எந்த வேகத்தில், எந்த முறையில் உடன்பட்டது. எத்தனைப் பழுதுப் பொட்டலங்கள் வந்தன. எத்தனை லேட் கொலிஷன். எத்தனைப் பொட்டலங்கள் கைவிடப்பட்டன. எத்தனை முறை 'நிறுத்து' என்ற சொல் வந்தது, போனது. ஆனால், இந்தக் கணக்கை வெளியே காட்டும் ஸ்விட்சுகள் சற்று விலை கூடியவை. அவற்றை 'மேனேஜ்டு' வகை என்கிறார்கள். குறைந்த விலைப்புள்ளிக்கே ஒப்பந்தம் என்ற விதிப்படி நாம் பல இடங்களில் வாங்கி வைத்திருப்பவை, கணக்கைக் காட்டாத மலிவுப் பெட்டிகள். ஒருமுறை சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்திவிட்டு, ஆண்டுதோறும் இணையக் கட்டணத்தில் அதைப் பன்மடங்காகச் செலுத்துகிறோம். தணிக்கையில் முன்னது சிக்கனமாகவும் பின்னது வளர்ச்சிப் பணியாகவும் பதிவாகும்.

இணைய வேகத்தைக் கூட்டக் கோரும் ஒவ்வொரு கோப்புடனும் அந்தக் கணக்கின் ஒரு பக்க நகலை இணைக்க வேண்டும் என்று நிதிக் குழுக்கள் கேட்கலாம். அதைத் தயாரிக்கப் பயிற்சி பெற்ற ஒருவருக்கு அரை மணி நேரம் போதும். பழுது எண்ணிக்கைகள் சுழியாக இருந்து, போர்ட்டுகள் எல்லாம் தத்தம் முழுத் திறனில் உடன்பட்டிருந்து, அதன் பிறகும் வெளி இணைப்பின் பயன்பாடு வேலைநேரம் முழுவதும் உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், கூடுதல் வேகம் தேவைதான். அப்படியொரு கோப்பு வந்தால் நானும் தயக்கமின்றிக் கையொப்பமிடுவேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).